கடனாளி சபையேறலாமா?

(திருக்கோணமலையில் உழவர்களும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்க்கு வேண்டிய தகுதி யாது என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தீர்கள். தகுதி என்றால் கல்வி என்பார் சிலர். கட்சிப் பற்று என்பார் சிலர். ஊருக்கு உழைத்த வரலாறு என்பார் வேறு சிலர். இவையெல்லாம் மேடைகளில் போதிய அளவு பேசப்பட்டுவிட்டன. எவரும் வாய் திறந்து பேசக் கூசுகின்ற ஒன்று உண்டு. அது உறுப்பினரின் மடி. அந்த மடியில் என்ன இருக்கிறது, யார் போட்டது, அதிலிருந்து யாருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பவற்றையே இன்று பேச விரும்புகிறேன். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். நம்முடைய சபைகளைப் பொறுத்த வரையில் வெறும் மடியும் பயத்துக்குரியதே.

இம்மாவட்டத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் 13 உண்டு. திருக்கோணமலை நகரத்துக்கு ஒன்று, கிண்ணியா நகரத்துக்கு ஒன்று, மற்றைய 11உம் பிரதேச சபைகள். குச்சவெளிக் கடற்கரையிலிருந்து வெருகலாறு வரையில், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் ஊர்களின் தெருவிளக்கும் வடிகாலும் சந்தையும் சுடுகாடும் குப்பை வண்டியும் இம்மன்றங்களின் பொறுப்பில் இருக்கின்றன. மாரி மழையில் நம் வாசலில் வெள்ளம் நிற்குமா வடியுமா என்பதைக் கொழும்பிலுள்ள அமைச்சரைக் காட்டிலும் நம் தவிசாளரே பெரும்பாலும் தீர்மானிக்கிறார்.

அத்தகைய பொறுப்பை ஏற்பவருக்கு நாம் கொடுப்பது என்ன? மாதாந்தக் கொடுப்பனவு என்ற பெயரில் ஒரு தொகை. பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் கொடுப்பனவு, கூலியாள் ஒருவர் ஒரு மாதம் முழுவதும் வெயிலில் நின்று பெறுவதை விடக் குறைவு. தவிசாளரின் கொடுப்பனவோ ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கீழே. 2022ஆம் ஆண்டில் இந்நாட்டு ரூபா சரிந்து, அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டியது. அரிசி, மண்ணெண்ணெய், பேருந்துக் கட்டணம் யாவும் ஏறின. அந்நிலையில் இக்கொடுப்பனவு உண்மையில் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை வீட்டுச் செலவு பார்க்கும் தாய்மாருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

“இது சேவை ஐயா, உத்தியோகம் அன்று. சேவைக்குச் சம்பளம் கேட்கலாமா?” என்று ஒருவர் எழுந்து கேட்கலாம். கேட்பதற்கு இனிமையான வாக்குத்தான். ஆனால் அந்த வாக்கு எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும். பண்ணையும் பரம்பரைச் சொத்தும் உடையவர்கள் சபைகளில் வீற்றிருந்த காலத்தில் பிறந்தது அது. இங்கிலாந்தில் 1838இல் வெளியிடப்பட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் இரண்டு இப்பொருள் பற்றியவை. பாராளுமன்ற உறுப்பினராவதற்குச் சொத்துத் தகைமை கேட்கலாகாது என்பது ஒன்று. உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது 1858இல் நிறைவேறியது. பின்னது நிறைவேற 1911 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுதான் ஆண்டுக்கு 400 பவுண் சம்பளம் ஏற்பட்டது. சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் சபையில் அமர வேண்டுமானால், அவர்கள் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்ற எளிய உண்மையை ஒப்புக்கொள்ள அந்நாட்டாருக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

நமக்கு அண்மையில் தமிழ் நாட்டைப் பாருங்கள். அங்கும் மாநகராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வந்த நாளுக்குரிய சிறு படியோடு நின்றார்கள். 2023 யூலை முதல்தான் மாத மதிப்பூதியம் வந்தது. மாநகராட்சி மேயருக்கு 30,000 இந்திய ரூபா, மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000, நகராட்சி உறுப்பினருக்கு 5,000, பேரூராட்சி உறுப்பினருக்கு 2,500 என்று விதித்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாவில் ஒரு குடும்பம் ஒரு வாரம் நடக்குமா? ஆகவே இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. ஆயினும் அயலவன் பட்டினி நம் பசியை ஆற்றாது.

நிற்க. ஊதியம் கொடுத்து ஊர்ப்பணி செய்விப்பது நமக்குப் புதிதா? இங்கிருக்கும் மூத்த உழவர்கள் வட்டை விதானையை மறந்திருக்க மாட்டார்கள். நீர் பாய்ச்சும் முறையைப் பார்ப்பதும், வரம்பு வழக்குகளைத் தீர்ப்பதும், வாய்க்கால் வெட்டக் குடிகளை அழைப்பதும் அவர் வேலை. அவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கவில்லை. வயற்காரர் தத்தம் விளைவிலிருந்து ஒரு பங்கை நெல்லாக அளந்து கொடுத்தார்கள். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டத்தின் பின் பயிர்ச்செய்கைக் குழுக்கள் வந்தன. விதானையின் காலமும் முடிந்தது. அவர்களிலும் அடாவடிக்காரர் இருந்தனர். அதை நான் மறைக்கப் போவதில்லை. எனினும் அம்முறையில் ஒரு சிறப்பிருந்தது. அவருக்கு உரியது எவ்வளவு என்பது களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அதற்கு மேல் ஒரு மரைக்கால் அவர் வீட்டுக்குப் போனால், அதுவும் தெரிந்துவிடும். இன்று நம் உறுப்பினருக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று இக்கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொடுப்பவருக்கே தெரியாத கூலியைப் பெறுபவர் எப்படி மதிப்பார்?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான பொருளுக்கு வருகிறேன். அது கடன்.

இந்நாட்டில் உள்ளூராட்சித் தேர்தல் கட்டளைச் சட்டம் யார் உறுப்பினராகலாகாது என்று சொல்லுகிறது. சித்த சுவாதீனமற்றவர் ஆகலாகாது. சிறைத் தண்டனை பெற்றவருக்கு அதற்குரிய தடை உண்டு. சபையோடு தமக்கு ஒப்பந்தம் வைத்திருப்பவர் ஆகலாகாது. பிறர் பெயரில் மறைமுகமாக வைத்திருந்தாலும் ஆகலாகாது. நீதிமன்றத்தால் கடனிறுக்க வகையற்றவர் எனத் தீர்க்கப்பட்டு, அதிலிருந்து விடுவிக்கப்படாதவரும் ஆகலாகாது. கடைசியாகச் சொன்ன தடையைக் கேட்டுச் சட்டம் கடனைக் கவனித்துவிட்டது என்று நாம் அமைதியடைகிறோம். அது வெறும் மயக்கம். நம் ஊர்களில் கடன்பட்டவர்களில் எத்தனை பேர் நீதிமன்றம் ஏறி வங்குரோத்துக்காரர் எனத் தீர்ப்புப் பெறுகிறார்கள்? நகை அடகுக் கடையில் இருக்கும். காணி உறுதி வட்டிக்காரர் பெட்டியில் இருக்கும். உழவு இயந்திரம் குத்தகைக் கம்பனியின் பெயரில் இருக்கும். ஆளோ சபையில் இருப்பார்.

கடன்பட்டது குற்றமா? இக்கூட்டத்தில் அப்படிச் சொன்னால் நீங்கள் பாதிப்பேர் எழுந்து போக வேண்டிவரும். 2021இல் இரசாயன உரத்தை ஓரிரவில் தடை செய்தார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் தடையை நீக்கினார்கள். ஆனால் அதற்கிடையில் பெரும்போகம் பாழாயிற்று. அந்தப் போகத்துக்காக வாங்கிய கடன், விளைச்சலோடு சேர்ந்து அழிந்துபோகவில்லை. அது வட்டியோடு வளர்ந்தது. அத்தகைய ஓர் உழவர் சபைக்கு வந்தால் அவரைத் தகுதியற்றவர் என்பேனா? ஒருபோதும் இல்லை. வாய்க்காலில் நீர் வராத துன்பம் அவருக்குத்தான் தெரியும்.

நான் கேட்பது வேறு. அவர் எவ்வளவு கடன்பட்டார் என்பதன்று. யாருக்குக் கடன்பட்டார் என்பது. மக்கள் வங்கிக்கோ கிராமக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பட்ட கடன் சபையின் வாக்கெடுப்பில் கை தூக்கச் சொல்லாது. ஆனால் வீதி போடும் ஒப்பந்தகாரருக்கு, சந்தைக் குத்தகை எடுப்பவருக்கு, கடற்கரையில் விடுதி கட்ட வரைபடத்தோடு வந்து நிற்பவருக்குப் பட்ட கடன் பேசும். அது கூட்டத்தில் வாய் திறந்து பேசாது. உறுப்பினர் வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறவாமல் இருப்பார். அவர் வாங்கியது கைக்கூலியன்று, கைமாற்று. சாட்சியில்லை, கடுதாசியில்லை. இலஞ்சம் பிடிப்போர் காத்திருந்து பிடிக்கும் உறைக்குள் அது அகப்படுவதுமில்லை.

இது திருக்கோணமலையில் மற்ற ஊர்களைக் காட்டிலும் பேராபத்து. காரணம் நம் நிலம். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையில் கடலோரக் காணியின் விலையை நீங்கள் அறிவீர்கள். சீனக்குடாவில் மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இருக்கின்றன. அங்குள்ள 99 தாங்கிகளை 2022 சனவரியில் பகிர்ந்தபோது, இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பனிக்கு 61 என்று பிரித்தார்கள். அப்பங்கீட்டை நம் சபைகள் தீர்மானிக்கவில்லை. பெரியவை பெரிய இடத்தில் தீர்கின்றன. ஆனால் அப்பெரியவற்றின் நிழலில் வரும் களஞ்சியம், வாகனத் தரிப்பிடம், விடுதி, உணவுச்சாலை ஆகியவற்றுக்குக் கட்டட அனுமதியும் வியாபார உரிமமும் உள்ளூராட்சி மன்றத்தின் முத்திரையோடுதான் வெளிவர வேண்டும். கோடிகள் புரளும் துறைமுகத்தின் வாசலில், சில ஆயிரம் ரூபாக் கொடுப்பனவோடு ஒருவரை நிறுத்தி, “நீ அசையாதே” என்கிறோம்.

அவர் எப்படிக் கடனாளியானார் என்று யாரேனும் சிந்தித்தோமா? தேர்தலே முதற் கடன். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம், தேர்தல் முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. நல்ல சட்டம். அந்தக் கணக்கில் செலவு எழுதப்படுகிறது. அச்செலவுக்குக் கைமாற்றுக் கொடுத்தவரின் முகம் தெரிவதில்லை.

சிலருக்குத் தேர்தல் நடவாமலே கடன் வந்தது. 2018 பெப்ரவரியில் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற இருந்தது. அம்மாதம் 9ஆம் நாள் நடக்கவிருந்த தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயலென உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6ஆம் நாள்தான் நடந்தது. இடையில் 2023இல் வேட்பு மனுக் கொடுத்திருந்த அரச ஊழியர்கள், சம்பளமற்ற விடுமுறையில் நின்று, தேர்தலுமின்றி, தம் பழைய இடத்துக்குத் திரும்பவும் வழியின்றி மாதக்கணக்காகத் தவித்தார்கள். அம்மாதங்களில் அவர்கள் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தவர் யார்? உறவினராயின் நன்று. வேறொருவராயின்?

அடுத்த கடனை ஏற்படுத்துபவர்கள் நாமே. கோபிக்காதீர்கள். கோவில் திருவிழாவா, உறுப்பினரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை நீட்டுகிறோம். விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடையா, அவரிடம் போகிறோம். மரணவீட்டுக்குப் பந்தலும் கதிரையும், பிள்ளைகளுக்கு அப்பியாசக் கொப்பி, முதியோர் சங்கத்து ஒன்றுகூடலுக்கு மதிய உணவு, யாவும் அவர் தலையில். கொடாவிட்டால் “வாக்குக் கேட்க மட்டும் வந்தாரே” என்று வாசலில் நின்று பேசுகிறோம். கொடுப்பனவு முழுவதும் முதல் வாரத்தில் நன்கொடையாகப் போய்விடுகிறது. மற்ற மூன்று வாரத்தையும் எங்கிருந்து நடத்தினார் என்று நாம் கேட்பதில்லை. கழகத்துப் பிள்ளைகளின் சட்டையில் அவர் பெயரைப் பொறித்துக் கைதட்டுகிறோம். அச்சட்டைக்கு உண்மையில் விலை கொடுத்தவர் ஒப்பந்தகாரராக இருக்கலாம். அவருடைய பெயர் சட்டையில் வராது. நாம் வரி கொடுத்துப் போட்ட வீதியின் தடிப்பில் அது தெரியவரும்.

“அப்படியானால் பணக்காரரையே அனுப்புவோம், அவர் யாரிடமும் கை நீட்டமாட்டார்” என்று படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. இந்த மயக்கமும் பழையது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921 ஆண்டுகளில், முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டவை. குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், தன் மனையில் தான் கட்டிய வீடு இருக்க வேண்டும் என்று அவற்றுள் விதித்திருக்கிறார்கள். நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அந்த விதி நமக்கு ஆகாது. 1931இல் இந்நாடு 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை அளித்து, சொத்தை வைத்து மனிதனை எடை போடும் வழக்கத்துக்கு விடை கொடுத்துவிட்டது. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வரலாகாது. அதை நம் தலைவர்கள் மேடையில் பெருமைக்காகச் சொல்கிறார்கள். கடைப்பிடிக்கச் சொன்னால் நாடு முழுவதும் எத்தனை ஆசனம் வெறுமையாகும்!

மேலும் பணக்காரருக்குக் கடனில்லை என்று யார் சொன்னார்? பெரும் கடன் அவர்களுக்கே. அன்றியும் அவருடைய காணிக்குப் பக்கத்தால் வீதி போகுமா, ஏழையின் குடியிருப்பால் போகுமா என்னும்போது அவர் கையை யாரும் பிடித்து இழுக்க வேண்டியதில்லை; தானே எழும்.

ஓய்வூதியம் பெறுவோரை அனுப்பலாம் என்பதும் முழு மருந்தாகாது. இன்று சட்டப்படி நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் பெண்கள் உள்ளூராட்சி மன்றங்களில் இடம்பெற வேண்டும். அவர்களில் பலர் தையல் தைத்தும் தோட்டம் செய்தும் சிறு கடை நடத்தியும் வாழ்பவர்கள். சபைக்குப் போகும் நாளில் அவ்வருமானம் நிற்கிறது. வெருகலிலிருந்து ஒரு தாய் காரியாலய அலுவலாகத் திருக்கோணமலைக்கு வந்து போனால் அந்த நாள் முழுவதும் போயிற்று. அவருக்குரியதைக் கொடாமல், ஆசனத்தை மட்டும் ஒதுக்குவது ஏட்டுச் சுரைக்காய்.

சம்பளத்தைக் கூட்டினால் இலஞ்சம் ஒழியுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. பெருஞ்சம்பளக்காரர் வாங்கிய கதைகளை நாம் கேட்டிருக்கிறோம். கொழும்பு மாநகர சபையில் நடந்த இலஞ்சத்தை விசாரிக்க 1940களின் இறுதியில் தனி ஆணையாளரை நியமிக்க வேண்டியிருந்தது. அங்கே அமர்ந்திருந்தோர் ஏழைகள் அல்லர். சம்பளம் திருடனைத் திருத்தாது. நேர்மையாளரைத் தள்ளாடாமல் நிறுத்த உதவும். அவ்வளவே நான் அதற்குக் கொடுக்கும் மதிப்பு. மற்றதைச் செய்ய வேண்டியது வெளிச்சம்.

அவ்வெளிச்சத்துக்குச் சட்டம் ஏற்கனவே வழி வைத்திருக்கிறது. 1954இல் இலஞ்சச் சட்டம் வந்தது. 1975இல் சொத்து, பொறுப்புப் பிரகடனச் சட்டம் வந்தது. இவ்விரண்டின் இடத்திலும் இன்று 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நிற்கிறது. உள்ளூராட்சி உறுப்பினரும் இதற்குள் அடங்குவர். மார்ச்சு 31ஆம் நாள் உள்ளபடி சொத்தையும் பொறுப்பையும் யூன் 30க்கு முன் பிரகடனஞ் செய்ய வேண்டும். சொத்தும் பொறுப்பும் என்று இரண்டு சொற்கள் இருப்பதைக் கவனியுங்கள். அமைச்சர்களின் பிரகடனங்கள் வெளிவந்த போது நாம் என்ன செய்தோம்? யாருக்கு எத்தனை வீடு, எத்தனை பவுண் நகை என்று வாய் பிளந்து பார்த்தோம். பொறுப்பு என்னும் பக்கத்தைப் புரட்டவில்லை. என் எண்ணத்தில் உள்ளூராட்சி உறுப்பினரைப் பொறுத்த வரையில் முதலிற் படிக்க வேண்டியது அந்தப் பக்கமே.

ஆகவே நான் கேட்பவை பெரியவை அல்ல. உறுப்பினரின் கொடுப்பனவு வாழ்க்கைச் செலவோடு சேர்த்து உயர்த்தப்படட்டும். அதன் தொகை சபை வாசலில் எழுதித் தொங்கவிடப்படட்டும். சபையில் ஒருவரின் விண்ணப்பமோ கேள்விப் பத்திரமோ வரும்போது அவருக்குக் கடன்பட்ட உறுப்பினர், “எனக்கு இதில் தொடர்புண்டு” என்று சொல்லி எழுந்து வெளியே போகட்டும். அது கூட்டறிக்கையில் பதியப்படட்டும். இங்கிருக்கும் கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் வட்டாரத்துக்கு ஒருவராக முன்வந்து, பிரகடனப் படிவத்தைச் சரிவர நிரப்ப உறுப்பினருக்குக் கூலியின்றி உதவட்டும். பலர் மறைப்பதற்காக அன்றி, நிரப்பத் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். உழவர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வரும் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் உறுப்பினரிடம் பற்றுச்சீட்டுப் புத்தகம் கொண்டு போகாதீர்கள். அறுவடைக் களத்தில் வீட்டுக்கு ஒரு மரைக்கால் நெல் ஒதுக்கினால் அவ்வளவும் நடக்கும்.

மேசையின் மீது ஒரு மனு வைத்திருக்கிறோம். இம்மாவட்டத்து 13 மன்றங்களின் உறுப்பினர்களும் தம் பிரகடனத்தில் உள்ள கடன் விவரத்தின் படியொன்றைத் தத்தம் வட்டார வாசிகசாலையில் தாமாகவே வைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. கட்சி பார்த்து எழுதப்பட்ட மனு அன்று; தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. கையொப்பமிட விரும்புவோர் வெளியே போகுமுன் இடலாம். தேர்தலில் நிற்க எண்ணியிருப்பவர் எவரேனும் இங்கிருந்தால், அவர் முதலில் இடுவது நன்று.